ஈசானி மூலை

மாதப்பன் கொட்டாயில் சிமெண்ட்டுக் களத்தின் ஈசானி மூலை உள்ளே இறங்கியதற்குக் காரணம் காவேரிதான். இது கொட்டாயில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காவேரிக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷமாக அவளும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

கொட்டாய் என்றால் பெரிய ஊர் ஒன்றுமில்லை. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மலைக்குப் போகும் தார் ரோட்டை விட்டு இருநூறு அடி உள்ளே இரண்டு வீடு. ஒன்று காவேரியின் புருஷன் மாதப்பனுடையது. இன்னொன்று அவன் அண்ணன் மாரப்பனுடையது. சுற்றிலும் மஞ்சள் காடு, மரவள்ளிக் காடு, மாரப்பன் பங்கில் ஒரு மாந்தோப்பு. இரண்டு வீட்டுக்கும் நடுவே நாற்பதுக்கு நாற்பது களம்.

அந்தக் களமே காவேரிக்காகப் போட்டதுதான். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா சின்னராஜ் நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். ஆறடி ஆள். மீசையைத் தடவிக்கொண்டே காடு கரையெல்லாம் சுற்றிப் பார்த்தார். எல்லாம் பிடித்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மஞ்சளு வெக்கற வூடு, ஒரு களம் இல்லீங்களே. எம்பொண்ணு மஞ்சக் கூடையைத் தலையில தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடக் கூடாதுங்க. களத்தப் போடுங்க, மறுபேச்சு இல்லாம பொண்ணக் குடுக்கறன்."

மூன்றே மாதத்தில் களம் தயார். கல்யாணப் பந்தலையே அதன் மேல்தான் போட்டார்கள். சின்னராஜ் செருப்பைக் கழற்றி விட்டு அந்தப் புதுச் சிமெண்ட்டில் வெறுங்காலோடு மூன்று சுற்று நடந்தாராம். அவ்வளவு சந்தோஷம் மனுஷனுக்கு.

பத்துப் பன்னிரண்டு வருஷம் களம் கல்லு மாதிரி இருந்தது. ஒரு மாசி மாதம், வேகவைத்த மஞ்சள் களம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்துக்கொண்டது. மாதப்பன் சந்தைக்குப் போயிருந்தான். காவேரி வீட்டுக்குத் தூரமாகி அன்று இரண்டாவது நாள். அந்த நாட்களில் பெண்கள் களத்தில் கால் வைப்பதில்லை. களத்து ஓரத்தில் ஏழு செங்கல்லாகக் கன்னிமார் இருக்கிறார்கள். ஆனால் கண்ணெதிரே ஒன்பது மாத உழைப்பு நனைகிறதே! அவள் யோசிக்கவில்லை. தார்ப்பாயை இழுத்துக்கொண்டு களத்தில் இறங்கி ஓடினாள்.

மஞ்சள் தப்பித்தது. அடுத்த மாதம் ஈசானி மூலையில் கோடு விட்டு, இரண்டு விரற்கடை இறங்கியது.

"தூரமானவ கால் வெச்சா கன்னிமாரு சும்மா இருப்பாங்களா?" என்று முதலில் சொன்னவர் மாரப்பன்தான். பேச்சு நல்லம்பள்ளி வரைக்கும் போயிற்று. சின்னராஜ் ஒரு வெள்ளாட்டுக் கிடாயோடு வந்து இறங்கினார். இறங்கிப் போன அந்த மூலையில் நின்று, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன்னைவிடச் சின்ன வயதுக்காரரான மாரப்பனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எம்பொண்ணு தெரியாம பண்ணிட்டாளுங்க. மனசுல வெச்சிக்காதீங்க."

கிடாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் மாதப்பன். ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னராஜ் அன்று அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறு வருஷம் செத்தும் போனார்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் இதே கூத்து. தை பிறந்ததும் மாதப்பன் ஜல்லியும் சிமெண்ட்டும் கலந்து அந்த மூலையில் ஒரு அடுக்கு ஊற்றி மட்டம் பண்ணுவான். அன்றைக்கே கன்னிமாருக்கு ஒரு சேவல். மாரப்பன் வந்து உட்கார்ந்து, தொடைக் கறியாகப் பார்த்துத் தின்றுவிட்டு, "இந்த வருசம் நிக்கும்டா" என்பார். ஐப்பசி மழை ஓய்ந்ததும் மூலை மறுபடி இறங்கும். தண்ணீர் தேங்கும். அங்கே காய்கிற மஞ்சள் கறுத்துப் போகும். பாதி விலைக்குக்கூட எவனும் கேட்க மாட்டான். காவேரிக்கு இரண்டு வருஷமாக அந்தத் தொந்தரவே நின்றுவிட்டது. இனி எந்த நாளும் அவள் களத்தில் இறங்கலாம். இறங்கும்போதெல்லாம் கால் கூசியது. ஈசானி மூலையை மட்டும் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

இந்த வருஷம் மகள் எழிலரசி ஓர் ஏற்பாடு செய்தாள். அவளுக்கு ஓசூரில் ஒரு கம்பெனி குடோனில் வேலை. அங்கே தரை இறங்கிப் போனபோது, விரல் மொத்தத்துக்கு ஓட்டை போட்டு, மருந்து மாதிரி ஏதோ ஊற்றி, ஒரே மத்தியானத்தில் தரையைத் தூக்கி நிறுத்தியதைப் பார்த்திருக்கிறாள். அந்த வேலைக்காரன் பிரபாகரிடம் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டாள்.

"ஃபோமும்மா. உள்ள போனா பால் பொங்கற மாதிரி பொங்கும். எத்தன டன்னு இருந்தாலும் தூக்கிடும்."

"கன்னிமாரு கோவத்த அது எப்பிடிடி தூக்கும்?" என்றாள் காவேரி. ஆனால் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மூலை நிமிர்ந்துவிட்டால் தன் மேல் இருக்கிற பேச்சும் அதோடு போய்விடும் அல்லவா? அப்பா செத்ததிலிருந்து அவள் மனசில் கிடந்தது அது ஒன்றுதான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் பிக்கப் வண்டி வந்துவிட்டது. வண்டியில் ஜெனரேட்டர், இரண்டு பெரிய டிரம், சுருட்டிய தடித்த ஓஸ் பைப்பு. பிரபாகருக்கு முப்பது வயதிருக்கும். கூட மாது என்று ஓர் ஆள். இருவரும் தங்களுக்குள் கன்னடம் பேசிக்கொண்டார்கள், மற்றவர்களிடம் தமிழ்.

முந்தின நாள்தான் வேகவைக்கிற வண்டி வந்து போயிருந்தது. வெந்த மஞ்சள் களத்தின் தெற்கு ஓரம் இரண்டு அம்பாரமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இன்றைக்குள் பரப்பியாக வேண்டும். இன்னொரு நாள் குவியலிலேயே கிடந்தால் வேர்த்துப் புழுங்கி நிறம் செத்துவிடும்.

எழிலரசிக்கு அன்று காலையில்தான் தூரம் வந்திருந்தது. "நீ களத்துல கால் வெக்காத கண்ணு. நல்ல காரியம் நடக்கற நாளு" என்று காவேரியே சொன்னாள். முழு ஏற்பாட்டையும் செய்த பெண், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எட்ட இருந்த புங்க மரத்தடியில் போய் நின்றுகொண்டாள்.

பிரபாகர் மூலையில் டிரில்லை வைத்து அழுத்தினான். வெள்ளைத் தூசி பறந்தது. கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டு மாதப்பனைப் பார்த்தான்.

"அண்ணா, நாலு இஞ்ச்சு காங்கிரீட்டுன்னீங்க. ஒண்ணரையடி போயும் காங்கிரீட்டே வருது?"

"வருசா வருசம் இறங்கறதுக்கு ஒரு அடுக்கு ஊத்துவங்க."

"எத்தன வருசமா?"

"பன்னண்டு."

"சரியாப் போச்சு போங்க! இறங்கற எடத்துல மேல மேல பாரத்த ஏத்தியிருக்கீங்க. அது இன்னும் இறங்காம என்னா பண்ணும்? யாரு சொன்னது இப்பிடி ஊத்தச் சொல்லி?"

மாதப்பன் பதில் சொல்லவில்லை. அவன் இயல்பே அப்படி. எதற்கும் வாயைத் திறக்க மாட்டான். அதைச் சாதுவான குணம் என்று காவேரி இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

மறுபடி டிரில் ஓடியது. திடீரென்று வழுக்கிக்கொண்டு கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. பிரபாகர் குப்புற விழப் பார்த்தான். ஓட்டையிலிருந்து மக்கிப் போன ஈர வாடை வந்தது. பைப்பை மாட்டி ஃபோமை விட்டார்கள். டிரம்மில் இருந்த மருந்து கிர்ரென்று இறங்கியது. மட்டம் பார்க்கிற கருவியில் ஒரு நூல் அசைவில்லை. ஊற்றினது எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

"சாகு மாது, நில்சு!" போதும், நிறுத்து என்று கன்னடத்தில் கத்தினான் பிரபாகர். மாது பம்பை நிறுத்தினான்.

பன்னிரண்டடிக் கம்பி ஒன்றை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார்கள். முழுதும் போயிற்று. வெளியே எடுத்தபோது நுனியில் கறுப்பாகச் சேறும் நாருமாக ஒட்டியிருந்தது. காவேரி எட்டிப் பார்த்தாள். ஐயோ சாமி, நான் வைத்த ஒரு காலுக்கு இத்தனை ஆழமா என்றுதான் அப்போதும் நினைத்தாள், பாவி மகள்.

"இது தானா மண்ணு இறங்குன பொந்து இல்லீங்கண்ணா. ஆளு வெட்டுனது" என்றான் பிரபாகர். "ஈசானி மூலை வேற. இங்க கெணறு ஏதாச்சும் இருந்துச்சிங்களா?"

மாதப்பன் குனிந்து காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காவேரிதான் முந்திக்கொண்டு சொன்னாள்.

"இங்க இல்லீங்க தம்பி. வறட்டுக் கெணறு ஒண்ணு பெரிய மாமா மாந்தோப்புல இருந்துச்சாம். அதையும் நான் வர்றதுக்கு முன்னயே மூடிட்டாங்களாம். இவங்கதான் சொல்லியிருக்காங்க."

"அக்கா, இருக்கற ஃபோம ஊத்துனா பாதாளத்துக்குத்தான் போவும். கெணறா இருந்து, அதோட ஓரம் எங்கன்னு தெரிஞ்சா, வெளிய கெட்டித் தரையில புடிச்சித் தூக்கிடலாம். ஓரம் தெரியாம ஒண்ணும் பண்ண முடியாது. நாங்க வண்டியக் கட்டறம்."

"அண்ணா, கொஞ்சம் இருங்கண்ணா!" என்று புங்க மரத்தடியிலிருந்து எழிலரசி கத்தினாள்.

மாதப்பன் மஞ்சள் அம்பாரத்தைப் பார்த்தான். மெல்லப் போய்த் தார்ப்பாயைத் தூக்கி, தடியாக ஒரு விரலி மஞ்சளை எடுத்து இரண்டாக ஒடித்தான். திரும்பி வந்து, வீட்டுச் சுவரை ஒரு தரம் பார்த்தான், வரப்புத் தென்னையை ஒரு தரம் பார்த்தான். பிறகு குந்தி உட்கார்ந்து, சிமெண்ட்டின் மேல் மஞ்சளால் கோடு இழுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தான். எங்கேயும் நின்று யோசிக்கவில்லை. ஆரம்பித்த இடத்திலேயே கோடு வந்து முட்டியது. இரண்டு ஆள் நீட்டிப் படுக்கிற அகலத்துக்கு வட்டம்.

"இதான் வாயி" என்றான். "ஆழம் நாப்பதடி."

"கல்லு போட்டு ரொப்புனீங்களா?"

"மரவள்ளிக் குச்சி. கரும்புச் சோகை. மேல ரெண்டு டிராக்டரு மண்ணு. கல்லடிச்சி ரொப்ப நாளில்ல. முகூர்த்தம் வெச்சிட்டாங்க."

இதையெல்லாம் அவன் பிரபாகரைப் பார்த்துத்தான் சொன்னான். காவேரி இருந்த பக்கம் தலையே திரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்து மாரப்பன் பல்குச்சியோடு வந்தார். மஞ்சள் வட்டத்தைப் பார்த்ததும் குச்சியைத் துப்பினார்.

"ஏன்டா மாதப்பா, அத எதுக்குடா இப்ப எடுக்கற?"

காவேரிக்குக் காதில் ஙொய்யென்றது. "பெரிய மாமா, உங்களுக்குந் தெரியுமா?"

"அதும்மா... அந்தக் காலத்து விசியம். களம் இருந்தாத்தான் பொண்ணுன்னு உங்கப்பன் ஒத்தக் கால்ல நின்னாரு. மேடு பள்ளமில்லாத எடம் இதான் இருந்துச்சி. கெணறு முள்ளு மூடிக் கெடந்ததால அவரு கண்ணுல படல. நானும் இவனும்தான் ராவும் பகலுமா ரொப்புனம். குச்சி மக்கிப் போகும்னு யாருக்குத் தெரியும்?"

"குழி ரொப்புனத நான் கேக்கலீங்க. களம் இறங்குனப்ப, எதுனால இறங்குச்சின்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

மாரப்பன் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். மாந்தோப்பில் மருந்தடிக்க ஆள் வந்திருப்பது மாரப்பனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கிளம்பிவிட்டார்.

கொட்டாய்க்கு வருகிற போகிற பழைய ஆட்களுக்குக்கூட அங்கே கிணறு இருந்தது தெரிந்திருக்கும். அவளுக்கும் தெரியும் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்திருப்பார்கள். ஊர் அப்படித்தானே.

காவேரி வீட்டுக்குள் போய்விட்டாள். வேலைக்காரர்களுக்குச் சோறாக்க வேண்டும். பானையில் உலை கொதித்தது. கேழ்வரகு மாவைக் கொட்டிக் களி கிண்டினாள். அழுகை வரவில்லை. வெளியே ஜெனரேட்டர் சத்தம், டிரில் சத்தம். இந்த ஆளோடு இருபத்து நாலு வருஷம் ஒரே பாயில் படுத்தேனே என்று நினைத்தாள். ஜுரம் வந்தால் கால் பிடித்துவிட்டேனே. நம்மால் இந்த மனுஷனுக்கு நஷ்டம் என்று ஒவ்வொரு தையிலும் முகம் பார்க்கக் கூசினேனே.

மாதப்பன் வாசற்படியில் வந்து நின்றான். "தண்ணி குடு" என்றான்.

அவள் கொடுக்கவில்லை. "ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தன் காவேரி. அதுக்குள்ள அண்ணன் கன்னிமாரு அது இதுன்னு ஆரம்பிச்சிடிச்சி. நான் யோசன பண்றதுக்குள்ள உங்கப்பா ஆட்டப் புடிச்சிக்கிட்டு வந்துட்டாரு. வந்த மனுசன்கிட்ட என்னான்னு சொல்றது? குழிய மூடி மறச்சி உம்பொண்ணக் கட்டுனன்னா?"

"செரி. அவரு செத்ததுக்கப்புறம்?"

மாதப்பன் தலையைச் சொறிந்தான்.

"அதுக்கப்புறம் நீயே நம்பிட்ட" என்றான். "நீயே நம்பினதுக்கப்புறம் எனக்கு வாயி வரல."

காவேரி களிக்கோலைப் பானையில் குத்தி நிறுத்திவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். இவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டானே!

"எழிலு வயசுக்கு வந்த நாளையிலிருந்து அவளையும் எட்ட நிக்க வெச்சன். என் வாயாலயே. இன்னைக்கிக் காலையிலகூட. நீங்க தின்னுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தீங்க."

அவன் தானே போய்க் குடத்தில் மொண்டு குடித்துவிட்டு வெளியே போனான்.

பிரபாகர் வட்டத்துக்கு வெளியே ஓர் அடி தள்ளி வரிசையாக ஓட்டை போட்டு ஃபோமை விட்டான். இந்த முறை தரை முனகியது. ஓட்டை விளிம்புகளில் மஞ்சள் நுரை பிதுங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கெட்டியாயிற்று. கருவியின் முள் நகர்ந்தது. பன்னிரண்டு அடுக்குக் காங்கிரீட்டும் சேர்ந்து அந்த மூலை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. மதியத்துக்குள் களம் மட்டமாகிவிட்டது. மாது ஒரு குடம் தண்ணீரை மூலையில் கொட்டினான். தண்ணீர் தேங்காமல் தெற்கே ஓடி வடிந்தது.

களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் காவேரிதான் பரிமாறினாள். இரண்டு பேரும் வயிறார உண்டார்கள்.

"அக்கா, ஒண்ணு சொல்லிட்டுப் போறன்" என்றான் பிரபாகர் கை கழுவிக்கொண்டே. "இது ஓரத்த மட்டும் தாங்கிப் புடிச்சிருக்குது. நடுவுல பொந்து பொந்துதான். வட்டத்துக்குள்ள பாரம் ஏத்தாதீங்க, ஆளு நிக்காதீங்க. அடுத்த வருசம் மூலைய ஒடச்சி, கல்லு போட்டு ரொப்பி, புதுசா ஊத்திடுங்க. இத மொதல்லயே சொல்லியிருந்தா அரை டிரம்மு மருந்து மிச்சம்."

"மொதல்ல சொல்ற வழக்கம் இந்த வூட்டுல இல்லீங்க தம்பி" என்றாள் காவேரி.

வண்டி போனது. மாதப்பன் அம்பாரத்தின் மேல் இருந்த தார்ப்பாயை உருவினான். அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. வேலை முடிந்தது, விஷயமும் முடிந்தது என்பதுபோல்.

"களம் நிமுந்துடுச்சி பாரு. வா, வெயிலு இருக்கறப்பவே பரப்பிடலாம்."

காவேரி மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில் போய் நின்றாள்.

"எங்கப்பா எங்க நின்னு கும்புட்டாரு? ஞாபகம் இருக்குதுங்களா?"

மாதப்பன் தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தான்.

"நீங்கதான கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னீங்க. காட்டுங்க."

அவன் கையை நீட்டினான். வட்டத்துக்குள், நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி.

"நாப்பதடிக் குழி மேல எங்கப்பன நிக்க வெச்சி, செய்யாத தப்புக்குக் கும்புட வெச்சிருக்கீங்க. கீழ ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிக்கிட்டே பக்கத்துல நின்னிருக்கீங்க." அவள் ரோட்டுப் பக்கம் கை காட்டினாள். "அவரு சோறு திங்காம போனாருங்க. பஸ்ஸு ஏர்ற வரைக்கும் திரும்பியே பாக்கல."

"காவேரி, இன்னொரு நாளைக்கிப் பேசலாம். மஞ்சளு வேர்க்குது."

"வேர்க்கட்டும்னு விட மாட்டன். மஞ்சளு என்னா பாவம் பண்ணுச்சி?" அவள் புங்க மரத்துப் பக்கம் திரும்பினாள். "எழிலு! இங்க வா. களத்துக்குள்ள வா."

எழிலரசி தயங்கினாள். "அம்மா, நான்..."

"தெரியும் வா. இந்த வட்டத்துல மட்டும் கால் வெக்காத. மத்தபடி எங்க வேணா நட. கூடைய எடு."

பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் கால் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. என்ன ஆகும்? காவேரி கூடையில் மஞ்சளை வாரி நிரப்பி, சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். மாதப்பன் களத்தின் நடுப்பக்கத்தைக் காட்டி, "இங்க கொட்டு" என்றான். அவள் கொட்டவில்லை. களத்தைத் தாண்டி, வண்டித் தடத்தில் இறங்கி, இருநூறு அடி நடந்து தார் ரோட்டுக்குப் போய்விட்டாள். எழிலரசி இரண்டாவது கூடையோடு பின்னால் போனாள்.

மதியம் தாண்டிய வெயில் ரோட்டில் தகித்துக்கொண்டிருந்தது. காவேரி ரோட்டோரம் மஞ்சளைக் கொட்டிக் காலால் தள்ளிப் பரப்பினாள். வண்டிகள் ஏறாமல் இருக்க ஓரத்தில் கல் வரிசை வைத்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். பத்து நடை, பதினைந்து நடை. கழுத்து வலித்தது. எந்த வேலையைத் தன் மகள் செய்யக் கூடாது என்று சின்னராஜ் கேட்டுக்கொண்டாரோ, அந்த வேலையை நாற்பத்தேழு வயதில் அவர் மகள் செய்துகொண்டிருந்தாள். மட்டமாக நிமிர்ந்த களம் வெறுமையாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்த மாதப்பன், வேறு வழி தெரியாமல், தானும் ஒரு கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

அவன் ரோட்டுக்கு வந்த நேரம் மலைக்குப் போகிற பஸ் வந்தது. மஞ்சளைப் பார்த்து டிரைவர் ஒதுங்கி மெல்ல ஓட்டினார். சன்னலோரம் இருந்த ஒருத்தி, சந்தையில் பழக்கமானவள், தலையை வெளியே நீட்டிக் கேட்டாள்.

"என்னாக்கா, ரோட்டுல காய வெக்கறீங்க? உங்க வூட்டுலதான் களம் இருக்குதே?"

காவேரி நிமிர்ந்தாள். கூடையும் தலையுமாகப் பக்கத்தில் நிற்கிற புருஷனுக்கும், பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"அது களமில்லம்மா, கெணறு. இருவத்தி நாலு வருசமா கெணறுதான். எனக்கு இன்னைக்கித்தான் சொன்னாங்க."